கடிக்கும் வயது

மனிதர்கள் மிக அதிகமாகக் கை நீட்டும் வயது எது என்று கேட்டால் பதினெட்டு, இருபது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். காவல் நிலையப் பதிவேடுகளைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வழக்காகாத அடி, உதை, கடி, கிள்ளு, முடியிழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு மாறிவிடுகிறது. உச்சம் இரண்டு வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடையில் வந்து நிற்கிறது. அந்தக் கைகளுக்கு எலும்பை முறிக்கும் பலம் இல்லாததால்தான் அது செய்தியாவதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் தேடிப் போனது வேறொன்றை. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் டிரம்ப்ளே 1984ஆம் ஆண்டில், அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் மழலையர் வகுப்புக்குப் போய்வந்த 1,037 சிறுவர்களைப் பின்தொடரத் தொடங்கினார். பையன்கள் எந்த வயதில் முரடர்களாக மாறுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கெட்ட சகவாசம், தெரு, தொலைக்காட்சி என்று ஏதோ ஒன்று வழியில் வந்து அவர்களைக் கெடுக்கிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் போதும் என்பது அன்றைய நம்பிக்கை. டேனியல் நேகினோடு சேர்ந்து 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 6 வயது முதல் 15 வயது வரை வரைந்த கோடுகள் ஒன்றுகூட ஏறவில்லை. சில தாழ்வாக இருந்தன, சில உயரத்திலேயே நின்றன, மற்றவை இறங்கின. நேற்றுவரை சாதுவாக இருந்து இன்று அடிக்கத் தொடங்கிய கூட்டம் என்று ஒன்று அகப்படவேயில்லை. ஆறு வயதில் தேடியதே தாமதம் என்று புரிந்தது.

ஆகவே அடுத்த ஆய்வைத் தொட்டிலிலிருந்து தொடங்கினார்கள். கியூபெக் மாநிலத்தில் 572 குடும்பங்கள். குழந்தைக்கு 5 மாதம் ஆனதிலிருந்து 42 மாதம்வரை. 2004இல் வந்த முடிவுப்படி, ஏறக்குறைய 28 விழுக்காட்டுக் குழந்தைகள் கை நீட்டுவதே அரிது. 58 விழுக்காட்டினரிடம் அது மிதமாக இருந்து, வயதோடு ஏறிக்கொண்டே போனது. 14 விழுக்காட்டினர் உயரத்தில் தொடங்கி மேலும் உயர்ந்தார்கள். அந்த மூன்றாம் கூட்டத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தவை எவை என்று பார்த்தார்கள். குடும்ப வறுமை, மிக இளவயதுத் தாய்மை, கருவுற்றபோது தாய் புகைத்தது, ஐந்து மாதக் குழந்தையிடமே காட்டப்பட்ட கண்டிப்பு ஆகியவை பட்டியலில் இருந்தன. அவற்றோடு எதிர்பாராத ஒன்றும் இருந்தது: வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருப்பது. அடிப்பதற்கு ஆள் இருந்தால் அடி நடக்கிறது. ஒற்றைப் பிள்ளையாக வீட்டில் வளர்வது ஏன் 'ரொம்ப அமைதி' என்று பெயர் வாங்குகிறது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

டிரம்ப்ளே எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். குழந்தைகளுக்கு அடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருப்பதைத்தான் அவர்கள் பள்ளி சேர்வதற்குள் கற்றுக்கொள்கிறார்கள். இந்தப் பார்வையை ஏற்றுக்கொண்டால், 'இவன் ஏன் இப்படி ஆனான்?' என்ற கேள்விக்கு வேலையில்லை. 'இதை இவன் எப்படிக் கடந்துபோவான்?' என்பதே கேள்வியாகிறது. அந்தக் கேள்வியோடு நாள் முழுக்க மல்லுக்கு நிற்பவர்கள் தாய் தந்தையரைவிட, பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீட்டை டே கேர் ஆக்கியிருக்கும் பெண்மணி, பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்து ஆயா, தேயிலைத் தோட்டத்துக் காப்பகத்தில் கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளை வைத்திருப்பவர் எல்லோரும் இதில் அடக்கம். ஒரு வீட்டில் ஓர் இரண்டு வயது என்றால், இவர்கள் வீட்டில் ஒரே நேரத்தில் ஆறு இரண்டு வயதுகள்.

இந்த வயதுக்கு அப்படி என்ன? முதலில் கால் வருகிறது. நடக்கத் தெரிந்ததும் ஆசைப்பட்ட பொருளை நோக்கிப் போக முடிகிறது, பிடுங்க முடிகிறது. 'எனது' என்ற எண்ணம் முளைக்கிறது. ஆனால் ஆசையை நிறுத்திவைக்கும் வேலையைச் செய்யும் மூளையின் முன்மடல், உடலில் மிக மெதுவாக முதிரும் உறுப்புகளில் ஒன்று. அது முழுதாக உருப்பெற இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். இடையில் பேச்சு வேறு கைகொடுப்பதில்லை. ஒன்றரை வயதில் ஐம்பது சொற்கள், இரண்டு வயதில் இருநூறு முந்நூறு என்பது பொதுவான அளவு. 'நான் இதை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் தருகிறேன்' என்று சொல்ல இரண்டு வயதுக்கு வழியில்லை. பல் இருக்கிறது.

ஜினெட் தியோன், டிரம்ப்ளே ஆகியோரின் குழு 19 மாத இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசும் சொற்கள் குறைந்த குழந்தைகள் சற்று அதிகமாகக் கை நீட்டுவது தெரிந்தது. தொடர்பு பெரிதல்ல, ஆனால் டே கேர் நடத்துபவர்களுக்கு அது பழகிய காட்சி. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் உள்ள வீட்டு டே கேர்களில் வங்காளியும் தெலுங்கும் இந்தியும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தே இருக்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஆன்ட்டியிடம் 'ஜல்' என்று கேட்டுத் தண்ணீர் கிடைக்காத பிள்ளை முதல் மாதம் கடித்தால், அதை முரட்டுத்தனம் என்று எழுதிவைப்பது நியாயமில்லை. அந்த வீட்டு மொழியில் தண்ணீர், வேண்டும், வேண்டாம், வலிக்கிறது, அம்மா வருவாள் என்பதற்கு உள்ள சொற்களை முதல் நாளே பெற்றோரிடம் கேட்டு, சுவரில் தமிழ் எழுத்தில் ஒட்டிவைத்தால் போதும். இதைவிடச் செலவில்லாத சிகிச்சை எனக்குத் தெரியாது.

கடியிலும் ரகம் உண்டு. ஒரு வயதுப் பிள்ளை கடிப்பது பெரும்பாலும் ஈறு தினவெடுப்பதால். தோளோ மரப்பாச்சியோ வாயருகே எது வந்தாலும் ஒன்றுதான். அதற்கு ஈரத்துணியைக் குளிரவைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. ஒன்றரை வயதில் சோதனைக்காகக் கடிப்பதும் உண்டு. கடித்ததும் எதிராளி அலறுகிறான், பெரியவர்கள் ஓடிவருகிறார்கள். எந்தப் பொம்மையும் இவ்வளவு சத்தம் போடாது. இரண்டு வயதுக் கடி பொருளுக்காகவும் இடத்துக்காகவும் வருவது. கூட்டம் நெருக்கி, ஒதுங்க வழியில்லாமல் போனால் வரும் கடி இன்னொன்று. இவை தவிர, அளவு மீறிய சந்தோஷத்திலும் சில பிள்ளைகள் கடிக்கும். கட்டிப்பிடிக்கப் போய்க் கடியில் முடியும். இதில் நம் பங்கும் இருக்கிறது. 'அப்படியே கடிச்சுத் தின்னுடுவேன்' என்று சொல்லிக் கன்னத்தைக் கவ்வி விளையாடாத பாட்டி உண்டா? பிள்ளைக்கு அது அன்பின் இலக்கணமாகவே பதிகிறது.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க, யார் கடித்தார்கள் என்பதைவிட எப்போது, எங்கே, அதற்கு ஒரு நிமிடம் முன் என்ன நடந்தது என்று குறித்துவைப்பது உதவும். இந்த முறைக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் புளோரன்ஸ் குடினஃப் என்ற உளவியலாளர், தாய்மார்களிடம் குறிப்பேடு கொடுத்து, பிள்ளைகளின் கோபம் வெடித்த ஒவ்வொரு தடவையையும் எழுதச் சொன்னார். 45 குழந்தைகள், 1,878 வெடிப்புகள். 1931இல் அது நூலானது. கோபம் இரண்டாம் வயதில் உச்சம் தொட்டு, பிறகு சரிவது அதிலேயே தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்புதான் வெடிப்புகள் குவிந்திருந்தன. சளி, மலச்சிக்கல் போன்ற சிறு உபாதைகள் இருந்த நாட்களிலும் எண்ணிக்கை கூடியது. குணம் கெட்ட பிள்ளை என்று பெயர் வாங்கியவன் பல நேரம் பசித்த பிள்ளை.

ஒரு வாரக் குறிப்பு போதும். பதினொன்றரை மணிக்குப் பருப்பு சாதம் பிசையும் நேரத்தில் மூன்று கடி, மாலை ஐந்து மணிக்குச் செருப்பு மாட்டும் வாசலில் இரண்டு என்று ஏட்டில் தெரிந்தால், வழக்கு பாதி முடிந்தது. பதினொன்றுக்கு ஒரு வாழைப்பழத் துண்டு கொடுக்கலாம். வாசலில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தாமல் இருவர் இருவராக அனுப்பலாம். பிள்ளையைத் திருத்துவதைவிட நேர அட்டவணையைத் திருத்துவது எப்போதும் எளிது. நம் ஊரில் அதை யாரும் சிகிச்சையாக மதிப்பதில்லை. திட்டினால்தான் ஏதோ செய்ததாகக் கணக்கு.

மாலையில் ஏன் கூடுகிறது என்பதற்கு உடலுக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் கூடுதலாகச் சுரந்து, மாலைக்குள் தணிவது வழக்கம். வீட்டில் இருக்கும் நாளில் குழந்தைகளிடமும் அப்படித்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் குன்னர், வீடுகளில் நடக்கும் டே கேர்களுக்குப் போகும் 3 முதல் நாலரை வயதுக் குழந்தைகளின் எச்சிலைச் சோதித்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காலையைவிடப் பிற்பகலில் கார்டிசால் ஏறியிருந்தது. யாரிடம் அதிகம் ஏறியது என்பதுதான் பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியது. பிள்ளை தானாகச் செய்துகொண்டிருப்பதில் ஓயாமல் குறுக்கிட்டு, இங்கே உட்கார், அதை எடு, கையைக் கட்டு என்று நாள் முழுக்க ஏவும் இடங்களில்தான். அந்த ஏற்றம் ஆண்பிள்ளைகளிடம் கோபத்தோடும் அடிதடியோடும் சேர்ந்து காணப்பட்டது. பெண்பிள்ளைகளிடம் பயந்து ஒடுங்குவதோடு. ஒடுங்கிய பிள்ளையை நாம் சமர்த்து என்று சொல்லிவிடுகிறோம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சண்டை வராமலிருக்க எல்லாப் பொம்மையிலும் இரண்டு வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல யோசனை, ஆனால் அதிகம் நம்ப வேண்டாம். டேல் ஹே, ஹில்டி ராஸ் இருவரும் 21 மாதக் குழந்தைகளை இருவர் இருவராக விளையாடவிட்டுக் கவனித்தார்கள். 1982இல் வெளியான அந்த ஆய்வில், பக்கத்தில் அதே போன்ற இன்னொரு பொம்மை சும்மா கிடந்தபோதும் எதிரே இருப்பவர் கையில் உள்ளதைத்தான் கேட்டார்கள். பிளாஸ்டிக் லாரியில் என்ன இருக்கிறது? அவன் அதை ஓட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவர்களான நாமும் பக்கத்து மேசைத் தோசையைத்தானே பார்க்கிறோம்.

எத்தனை முன்னேற்பாடு செய்தாலும் கடி நடக்கும். அந்த அரை நிமிடத்தில் என்ன செய்வது?

முதலில், கடித்ததால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஜெரால்ட் பேட்டர்சனும் கூட்டாளிகளும் 1967இல் அமெரிக்க நர்சரிப் பள்ளிகளில் அமர்ந்து, யார் யாரைத் தாக்கினார்கள், அடுத்த கணம் என்ன நடந்தது என்று பதிவு செய்தார்கள். பெரும்பாலான தடவைகளில் அடிபட்ட பிள்ளை பொருளை விட்டுக்கொடுத்தது, அல்லது அழுது விலகியது. அதாவது அடித்தவன் வென்றான். அப்படி வென்றவன் அடுத்த முறையும் அதே ஆளை அதே மாதிரி தாக்கினான். ஆசிரியரின் உபதேசம் வந்து சேர்வதற்கு முன்பே லாரி கைமாறிவிட்டது. உபதேசம் எங்கே ஏறும்? ஆகவே லாரி, யாரிடமிருந்து பிடுங்கப்பட்டதோ அவரிடமே, அப்போதே திரும்ப வேண்டும். சண்டை போட்டதற்காக அதைப் பரண்மேல் தூக்கிப்போடுவது அடிபட்டவனுக்கும் சேர்த்துக் கொடுத்த தண்டனை.

இரண்டாவது, நம் முகம். இரண்டு வயதுக்குப் பொம்மையைவிடப் பெரிய பரிசு பெரியவரின் முழுக் கவனம். திட்டாக வந்தாலும் அது கவனம்தான். எல்சி பிங்க்ஸ்டனும் குழுவினரும் 1973இல் பதிப்பித்த ஆய்வில் ஒரே ஒரு பாலர் பள்ளிச் சிறுவன். நாள் தவறாமல் அடிப்பவன். அவன் அடிக்கும்போதெல்லாம் ஆசிரியர் அவனை நோக்கிப் போகாமல், அடிபட்ட பிள்ளையிடம் போய் அமர்ந்து ஆறுதல் சொன்னார். அவன் மற்றவர்களோடு நல்லபடி விளையாடும்போது அவனிடம் போனார். அடி குறைந்தது. அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1965இல், பால் பிரவுனும் ரோஜர்ஸ் எலியட்டும் 27 சிறுவர்கள் கொண்ட வகுப்பில் இதையே ஒட்டுமொத்தமாகச் செய்து பார்த்து, அதே பலனைக் கண்டிருந்தார்கள். நாம் வழக்கமாகச் செய்வது நேர் எதிர்: கடித்தவனின் கையைப் பிடித்திழுத்து ஐந்து நிமிட விசாரணை, கடிபட்டவன் மூலையில் தேம்பிக்கொண்டு.

புறக்கணிப்பது என்றால் பார்த்தும் பாராமல் இருப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். இருவருக்கும் நடுவே உடம்பைக் கொடுத்து உட்கார வேண்டும். அவன் உயரத்துக்குக் குனிந்து, சாதாரணக் குரலில், 'கடிக்கக் கூடாது. வலிக்கும்' என்று சொன்னால் போதும். பிறகு முகம் கடிபட்டவன் பக்கம். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். இந்த வயதுக் கடி பெரும்பாலும் தோலைக் கிழிப்பதில்லை. கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட வேண்டும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி இரண்டுக்கும் அரசுத் தடுப்பூசித் திட்டத்திலேயே ஊசி உண்டு.

கடித்தவன் அதற்குள் தரையில் விழுந்து கத்திக்கொண்டிருப்பான். மைக்கேல் பொட்டெகல் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் சட்டைக்குள் சிறு மைக் வைத்து அந்தக் கத்தலைப் பதிவு செய்து அலசியிருக்கிறார். கோபமும் துக்கமும் கலந்தே வருகின்றன. அலறல், உதை போன்ற கோபத்தின் அடையாளங்கள் சட்டென்று உச்சிக்கு ஏறி, விரைவில் வடிகின்றன. விசும்பலும் மடி தேடுவதும் நெடுக இருந்து, கோபம் வடிந்த பின் எஞ்சி நிற்கின்றன. முக்கால்வாசி அடங்களும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. உச்சியில் இருக்கும்போது 'ஏன் கடிச்ச? சொல்லு, ஏன் கடிச்ச?' என்று கேட்பது எரிகிறதில் எண்ணெய். பக்கத்தில் பேசாமல் இருந்து, அவன் விசும்பத் தொடங்கும்போது மடியில் வாங்கிக்கொள்ளலாம். கடித்தவனை அணைத்தால் செல்லம் கொடுத்ததாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அணைப்பு கடிக்குக் கிடைத்த பரிசல்ல, அடங்கியதற்குக் கிடைத்தது. நேரம்தான் வித்தியாசம்.

'சாரி சொல்லு' என்று கழுத்தைப் பிடித்துக் குனியவைப்பதை விட்டுவிடலாம். இரண்டு வயதில் அது வெறும் ஒலி. ஈரத்துணியைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னால் ஓடிப்போய் எடுத்துவருவான். அது ஆகிற காரியம்.

இனி அடியைப் பற்றி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழியை நம்பி வளர்ந்த ஊர் நம்முடையது. திருப்பிக் கடித்துக் காட்டினால்தான் வலி புரியும் என்று இன்றும் படித்தவர்களே சொல்கிறார்கள். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேய்லர் இருவரும் ஐம்பது ஆண்டுகளில் வந்த 75 ஆய்வுகளை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை, 2016இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பிட்டத்தில் தட்டுவது என்ற மிதமான அடியே, குழந்தை மேலும் முரட்டுத்தனமாவதோடுதான் சேர்ந்து வந்தது; படிந்துபோவதோடு சேரவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது என்பார்கள். சரி. ஆனால் ஐம்பது ஆண்டுகள் தேடியும் அடியின் பக்கம் ஒரு நல்ல சாட்சி அகப்படவில்லை என்பது போதாதா? பிறர் பிள்ளையை வைத்திருப்பவருக்கு இதில் விஞ்ஞானத்தோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கி, தேவையற்ற மன, உடல் துன்பம் தருபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. இங்கிலாந்தில் பெற்றோர் அனுமதித்தால் அடிக்கலாம் என்று பிள்ளை பார்ப்பவர்களுக்கு இருந்த சலுகையும் 2003இல் போய்விட்டது.

அடி என்பது நேராகப் பிள்ளைமேல் விழுவது மட்டுமல்ல. ஆல்பர்ட் பண்டூரா 1961இல் ஸ்டான்ஃபோர்டு நர்சரியில் 72 பிள்ளைகளை வைத்துச் செய்த காற்றுப் பொம்மைச் சோதனை பலரும் அறிந்தது. பெரியவர் பொம்மையைக் குத்துவதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி, அதே சொற்களோடு குத்தினார்கள். நம் வீடுகளில் அந்தச் சோதனை தினமும் நடக்கிறது. பிள்ளை தடுக்கி விழுந்தால் தரையை அடித்துக் காட்டுகிறோம். மேசை இடித்தால் மேசைக்கு இரண்டு போடுகிறோம். 'பாப்பாவ இடிச்சியா? அடிச்சாச்சு பாரு!' அழுகை நிற்கத்தான் செய்கிறது. நமக்கு வலித்தால் பக்கத்தில் இருப்பதை அடிக்க வேண்டும் என்ற பாடமும் கூடவே போய்ச் சேர்கிறது. விழுந்த இடத்தைத் தடவிக்கொடுத்தாலும் அழுகை நிற்கும்.

அடிக்கும் கைக்குப் பதிலாக என்ன கொடுப்பது? சொல். அதுவும் குட்டிச் சொல்: 'குடு', 'வேணாம்', 'எனக்கு', 'போ'. பேச்சு வராத பிள்ளைக்கு உள்ளங்கையை நீட்டிக் கேட்கவும், நிமிர்த்திப் பிடித்துத் தடுக்கவும் பழக்கலாம். சண்டை இல்லாத நேரத்தில் இதை விளையாட்டாகச் செய்யவேண்டும். கலவரத்தின் நடுவே எந்தப் பாடமும் நடக்காது. கூட, கடிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் சில நாட்கள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். வாய் திறந்து தலை குனியும் அந்தக் கணத்தில் இடையே ஒரு கை போனால், அன்றைக்கு ஒரு கடி குறைந்தது. பழக்கம் குறைவதும் அப்படித்தான், ஒன்றொன்றாக.

சாயங்காலம் வாசலில் நடக்கும் பேச்சைப் பற்றி எந்த ஆய்வும் அதிகம் சொல்வதில்லை. ஆனால் பராமரிப்பாளர்களைக் கேட்டால் கடியைவிட அதுதான் கஷ்டம் என்பார்கள். நல்ல கைகாரரின் பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"அக்கா, கன்னத்துல என்ன தடம்?"

"மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு புள்ள கடிச்சிடுச்சும்மா. தோல் கிழியல. உடனே கழுவி ஐஸ் வெச்சேன். நான் அடுப்பு பக்கம் திரும்பின நேரம். நாளையிலேருந்து சாப்பாடு எடுக்கும்போது ரெண்டு பேரையும் தள்ளி உக்கார வெக்கிறேன்."

"யாருக்கா கடிச்சது?"

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா. நாளைக்கு உங்க புள்ள கடிச்சாலும் உங்க பேர அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

என்ன நடந்தது, என்ன செய்தோம், இனி என்ன செய்யப்போகிறோம் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. பெயர் வரவில்லை. வந்தால் இரண்டு குடும்பங்கள் லிஃப்டில் முகம் திருப்பிக்கொள்ளும், அவ்வளவுதான் மிச்சம். கடித்த பிள்ளையின் பெற்றோரிடமும் அன்றே சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் போய்த் தண்டியுங்கள் என்பதற்காக அல்ல; ஆறு மணி நேரம் கழித்து விழும் அடியை மதியக் கடியோடு முடிச்சுப் போட இரண்டு வயதால் முடியாது. கேட்க வேண்டியது வேறு: ராத்திரி தூங்கினானா, பல் முளைக்கிறதா, பால்குடி மறக்கடித்தீர்களா, அம்மாவுக்கு அடுத்த குழந்தையா, வீடு மாறினீர்களா, அப்பா வெளியூர் போனாரா? இதில் ஒன்றாவது பெரும்பாலும் தட்டுப்படும்.

எல்லாம் செய்தும் குறையாத பிள்ளைகள் உண்டு. மூன்றரை வயது தாண்டியும் கடி தொடர்ந்தால், இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறந்துபோனால், அது டே கேர் அக்கா தனியாகச் சுமக்க வேண்டிய விஷயமல்ல. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். காது கேளாத பிள்ளை முரடன் என்று பெயர் வாங்குவது இன்றும் நடக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை பரிசோதனை உண்டு; மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று ஒன்றும் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. கட்டணம் இல்லை.

டே கேரில் விட்டதால்தான் பிள்ளை முரடானது என்ற பேச்சு நம் குடும்பங்களில் தாயைக் குத்தும் ஆயுதமாகவே இருக்கிறது. அதற்கு விதை போட்டது ஓர் அமெரிக்க ஆய்வு. 1991இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், அதிக நேரம் பிறர் கவனிப்பில் இருந்த பிள்ளைகளிடம் முரட்டு நடத்தை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. பெரும்பாலோரிடம் அது வழக்கமான அளவுக்குள்தான் இருந்தது என்பதைச் செய்தித்தாள்கள் கவனிக்கவில்லை. பிறகு நார்வேயில் தேடினார்கள். அப்படி ஒரு விளைவு இருப்பதற்குச் சாட்சி குறைவு என்றார்கள். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த ஐந்து நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை மறுபடி அலசிய கட்டுரை 2023இல் வந்தது. காப்பகத்தில் கழித்த மணிகள் கூடியதால் முரட்டுத்தனம் கூடியதாக அதில் இல்லை. அலுவலகத்திலிருந்து ஓடிவரும் அம்மாக்கள் அந்தப் பழியை இறக்கிவைக்கலாம்.

மணிக்கணக்கைவிடத் தலைக்கணக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மேலே சொன்ன ஒவ்வொரு யோசனையும், பக்கத்தில் இரு, இடையே கை கொடு, கடிபட்டவனிடம் போ, அடங்கியதும் அணை என்பதெல்லாம், ஒரு பெரியவருக்கு நாலைந்து பிள்ளைகள் என்று வைத்துச் சொன்னவை. இங்கிலாந்தில் தன் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேரை வைத்துக்கொள்ளலாம். பொதுவாக அதில் ஐந்து வயதுக்குக் கீழ் மூவர், ஒரு வயதுக்குக் கீழ் ஒருவர். நம் அரசின் பால்னா காப்பகத் திட்டத்தில் 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் சமையலில் இருந்தால் மிச்சம் ஒருவர். அந்த ஒருவரிடம் குழந்தை உளவியல் பயிற்சி ஏடு கொடுப்பதைவிட இன்னொரு ஆளைக் கொடுப்பது பலன் தரும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று விதித்தது, பேறுகாலப் பலன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம். தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரவும் அது உரிமை தந்தது. அந்த உரிமையைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

பிள்ளையைச் சேர்க்க ஒரு டே கேரைப் பார்க்கப் போனால், சுவரில் வரைந்த மிக்கி மௌஸையும் கேமராவையும் பார்த்து மயங்காதீர்கள். காலை பதினொன்றரை மணிக்குச் சொல்லாமல் போங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணுங்கள். ஒரு பெரியவருக்கு ஐந்து இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.